எச்சக் கோப்புகள்

கடந்த ஆடி மாதத்தில் ஓர் இரவு, ஒரே ஒரு கட்டளையால் என் ஆய்வுத் தரவிலிருந்து 41 கோப்புகளை அழித்துவிட்டேன். அழிந்தவை அனைத்தும் வேண்டாத கோப்புகள் என்றே நம்பினேன். அவற்றுள் சிலவற்றை மறுபடி உண்டாக்க இயலாது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. மொழியியல், இலக்கியம், வரலாறு முதலிய துறைகளில் ஆய்வு செய்துகொண்டு, கணினி அறிவியலை முறையாகப் பயிலாமலே லினக்ஸில் நாள்தோறும் வேலை செய்யும் நண்பர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதிவைக்கிறேன். வட்டில் சேர்ந்த குப்பையை விரைவாகத் துடைக்கும் வழிகளும் இதில் உண்டு. எதைக் குப்பை என்று கொள்வது என்னும் கேள்வியும் உண்டு.

என் ஆய்வு சித்தூர் வட்டாரத் தமிழ் பற்றியது. வட ஆர்க்காட்டின் ஒரு பகுதி பிரிக்கப்பட்டு 1911இல் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. பின்னர் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது எல்லை குறித்த வழக்கு நீண்டு, 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. இன்றும் சித்தூரைச் சுற்றிய ஊர்களில், தமிழைப் பேச மட்டுமே அறிந்து, எழுதப் படிக்கத் தெலுங்கை மட்டுமே கற்ற முதியவர்களைக் காணலாம். நான் தங்கியிருப்பது திருப்பதியில். வார இறுதிகளில் சந்திரகிரி வழியாகப் பேருந்திலோ, பாகாலா வழியாகத் தொடர்வண்டியிலோ சித்தூருக்குப் போய், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்துகொண்டு திரும்புவேன்.

பதிவான ஒலியை முதலில் எழுத்தில் பெயர்த்துக்கொள்வேன். பிறகு ஒலியையும் எழுத்தையும் சேர்த்து ஒரு பொருத்தி நிரலிடம் கொடுப்பேன். கால்டி என்னும் பேச்சறி கருவித்தொகுப்பின்மீது அமைந்த அந்த நிரல், எந்தச் சொல் எந்த விநாடியில் தொடங்கி எந்த விநாடியில் முடிகிறது என்று கணக்கிட்டு, டெக்ஸ்ட்கிரிட் என்னும் வகைக் கோப்பாக எழுதித் தரும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பால் போயர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கிய பிராட் மென்பொருளில் அதைத் திறந்தால், ஒலியலைக்குக் கீழே சொல் சொல்லாகப் பார்க்கலாம். பிழை இருந்தால் அங்கேயே திருத்தலாம். சொற்களை உருபன்களாகப் பிரிப்பதற்கு ஃபோமா என்னும் கருவியில் விதிகள் எழுதியிருக்கிறேன். ஆய்வேட்டை லேடெக்கில் எழுதுகிறேன்.

இவை ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது இடைக்கோப்புகளைக் கொட்டிக்கொண்டே போகும். சி மொழியில் எழுதிய மூலநிரலைத் தொகுப்பி முதலில் ‘.ஓ’ என்று முடியும் ஆப்ஜெக்ட் கோப்புகளாக மாற்றும். அவற்றை இணைத்தே இயங்கும் நிரல் பிறக்கும். நிரல் பிறந்த பின்னும் ‘.ஓ’ கோப்புகள் அங்கேயே கிடக்கும். பைத்தான், ‘பைகேஷ்’ என்னும் அடைவில் தான் ஏற்கெனவே தொகுத்தவற்றைச் சேமித்துவைக்கும். லேடெக், ஒரே ஓர் இயலை அச்சுவடிவமாக்கப் பக்கத்திலேயே ஐந்தாறு துணைக்கோப்புகளை உண்டாக்கும். பொருத்தி நிரலோ ஒலி மாதிரியைப் படிப்படியாகப் பயிற்றுவிக்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு பெரிய கோப்பை விட்டுச்செல்லும். இவற்றை எல்லாம் சேர்த்து நான் எச்சக் கோப்புகள் என்று சொல்லிக்கொள்கிறேன்.

எச்சம் எல்லாம் வீண் அன்று. இதை எனக்கு விளங்கவைத்தவர், சித்தூருக்கு அருகில் ஓர் ஊரில் இருந்த எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி. இளமையில் அவர்கள் குடும்பத்துக்குக் கரும்பாலை இருந்தது. வெல்லம் காய்ச்சும் முறையை அவர் ஏறக்குறைய முக்கால் மணிநேரம் சொன்னார். சாறு பிழிந்த சக்கையை அவர்கள் எறிவதில்லை. வெயிலில் உலர்த்திச் சேர்த்துவைப்பார்கள். அடுத்த கொப்பரைச் சாற்றைக் காய்ச்ச அதுவே விறகு. சக்கை காயவில்லை என்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

கணினியிலும் இடைக்கோப்புகளை விட்டுவைப்பதற்குக் காரணம் இதுதான். நூறு மூலக்கோப்புகள் உள்ள ஒரு திட்டத்தில் ஒன்றை மட்டும் திருத்தினால், மற்ற தொண்ணூற்றொன்பதையும் மறுபடி தொகுக்க வேண்டியதில்லை. முன்பு தொகுத்தவையே போதும். எதைத் தொகுக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கப் பிறந்த கருவி ‘மேக்’. இங்கே இச்சொல் கணினி வகையின் பெயரன்று. ‘செய்’ என்னும் பொருளில் வருவது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதை எழுதினார். ‘யாக்’ என்னும் கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் எரிச்சலோடு அவரிடம் வந்தாராம். நிரலில் இருந்த பிழையை முன்பே திருத்தியிருந்தார். ஆனால் திருத்திய கோப்பை மறுபடி தொகுக்க மறந்துவிட்டார். பழைய ஆப்ஜெக்ட் கோப்பே இணைந்து ஓட, சரியாக இருந்த நிரலில் பிழை தேடி ஒரு முற்பகல் முழுவதும் வீணாயிற்று. அந்த எரிச்சலிலிருந்து பிறந்த கருவிக்காக 2003இல் ஃபெல்ட்மனுக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது.

மேக்கின் முறை எளியது. எந்தக் கோப்பு எதிலிருந்து பிறக்கிறது என்று மேக்ஃபைல் என்னும் கோப்பில் நாம் எழுதிவைக்க வேண்டும். மேக் இரண்டின் நேரமுத்திரையையும் ஒப்பிடும். பிறந்தது மூலத்தைவிடப் பழையதாக இருந்தால் மறுபடி உண்டாக்கும். புதியதாக இருந்தால் தொடாது. பிறந்த கோப்பை நாம் கையால் திருத்தினால் அதன் நேரமுத்திரை இன்னும் புதியதாகிவிடும். அப்போதும் அது ‘பிறந்த கோப்பு’ என்ற கணக்கிலேயே இருக்கும். அதை யார் எழுதியது என்று மேக் கேட்பதில்லை. என் கதைக்கு இந்தச் சிறு செய்தி பின்னால் தேவைப்படும்.

அந்த இரவு, துறையின் பொதுவழங்கியில் என் பெயருக்கு ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டது என்று முனையத்தில் செய்தி வந்தது. எழுதிக்கொண்டிருந்த இயலைச் சேமிக்க முடியவில்லை. மறுநாள் நெறியாளருக்கு அனுப்ப வேண்டிய இயல் அது. உடனே இடம் உண்டாக்கியாக வேண்டும்.

இப்படிப்பட்ட வேளையில் கண்ணில் பட்டதை அழிக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. எங்கே எவ்வளவு இருக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். ‘டியூ’ கட்டளை ஒவ்வோர் அடைவும் கொண்டிருக்கும் அளவைச் சொல்லும். அதன் விடையை ‘சார்ட்’ கட்டளைக்கு அனுப்பி அளவுவாரியாக அடுக்கினால் பெரியவை கடைசியில் வந்து நிற்கும். ‘டிஎஃப்’ கட்டளை வட்டில் எஞ்சியிருக்கும் இடத்தைச் சொல்லும். அதனோடு ‘ஐ’ விருப்பத்தைச் சேர்த்தால் இன்னும் எத்தனை கோப்புகளுக்கு இடமுண்டு என்பதையும் சொல்லும். யூனிக்ஸ் வகைக் கோப்பு முறைமைகளில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்னும் பதிவு ஒன்று வேண்டும். பலவற்றில் அப்பதிவுகளுக்கு ஓர் உச்ச எண்ணிக்கை உண்டு. வட்டில் இடம் இருந்தும் ‘இடமில்லை’ என்ற செய்தி வந்தால், இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் அந்த எண்ணிக்கையைத் தின்றுவிட்டன என்று பொருள் கொள்ளலாம்.

அளந்தபின் துடைக்கும் வேலை. அழிக்கும் பொறுப்பை உண்டாக்கிய கருவியிடமே ஒப்படைப்பது முதல் வழி. பெரும்பாலான மேக்ஃபைல்களில் ‘கிளீன்’ என்றொரு இலக்கு இருக்கும். குனூ திட்டத்தின் வழிகாட்டி இதில் நான்கு படிகளை வகுத்திருக்கிறது. ‘மோஸ்ட்லிகிளீன்’ மறுபடி தொகுக்க நெடுநேரம் பிடிக்கும் சிலவற்றை விட்டுவிட்டு மற்றதை நீக்கும். ‘கிளீன்’ தொகுப்பில் பிறந்ததை நீக்கும். ‘டிஸ்ட்கிளீன்’ அமைவுக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும். ‘மெயின்டெய்னர்கிளீன்’ மறுபடி உண்டாக்கச் சிறப்புக் கருவிகள் தேவைப்படுபவற்றையும் நீக்கிவிடும். ஆகையால் அது முதலில் ஓர் எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்பதும் அவ்வழிகாட்டியின் விதி. எளிதில் திரும்ப வருவது, அரிதில் திரும்ப வருவது என்று எச்சத்திலும் தரம் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். லேடெக்குக்கு ‘லேடெக்எம்கே’ உண்டு. சிறிய ‘சி’ விருப்பம் துணைக்கோப்புகளை மட்டும் நீக்கும். பெரிய ‘சி’ பிடிஎஃப் கோப்பையும் நீக்கும்.

கருவியே வழி தராதபோது ‘ஃபைண்ட்’ உதவும். ஓர் அடைவுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும், குறிப்பிட்ட பெயர்முடிவு உள்ள கோப்புகளைத் தேடி அதுவே அழிக்கும். நட்சத்திரக்குறி இட்டு ‘ஆர்எம்’ கட்டளையைக் கொடுத்தால் அந்த ஓர் அடைவோடு நின்றுவிடும். கோப்புகள் மிகப் பலவானால் ‘வாதங்களின் பட்டியல் மிக நீளம்’ என்று மறுத்தும் விடும். ஃபைண்டில் ஒன்று மறக்கக்கூடாது: ‘டெலீட்’ என்னும் சொல் கடைசியில் வர வேண்டும். ஃபைண்ட் தன் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் படிக்கும். ‘டெலீட்’ முன்னே வந்து பெயர் நிபந்தனை பின்னே வந்தால், பெயரைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்திருக்கும். எழுவாய் எங்கே நின்றாலும் பொருள் தரும் தமிழில் பழகிய நமக்கு, சொல் நின்ற இடத்தால் வேலை பாழாகும் இந்த இலக்கணம் சற்றே புதிது. ஒவ்வொரு கோப்புக்கும் ‘ஆர்எம்’ கட்டளையைத் தனித்தனியே அழைப்பதைவிட, ‘எக்ஸெக்’ விருப்பத்தின் இறுதியில் கூட்டல் குறியிட்டுக் கொத்துக் கொத்தாக அழைப்பது பன்மடங்கு விரைவு. அடைவு முழுவதுமே வேண்டாதது என்றால், அதே வட்டுக்குள் முதலில் அதன் பெயரை மாற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். பெயர் மாற்றம் நொடியில் முடியும், அழிப்பதைப் பின்னணியில் மெதுவாக நடத்திக்கொள்ளலாம்.

என் திட்டமோ கிட் களஞ்சியத்தில் இருந்தது. கிட் எந்தெந்தக் கோப்புகளின் வரலாற்றைக் காக்க வேண்டும் என்று நாம் சொல்லுவோம். எவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்பதையும் ‘கிட்இக்னோர்’ என்ற கோப்பில் எழுதிவைப்போம். ‘கிட் கிளீன்’ கட்டளைக்குச் சிறிய ‘எக்ஸ்’ கொடுத்தால் களஞ்சியம் கண்காணிக்காத யாவும் போகும். பெரிய ‘எக்ஸ்’ கொடுத்தால், பொருட்படுத்த வேண்டாம் என்று நாமே எழுதிவைத்தவை மட்டும் போகும். கையால் உண்டாக்கிய புதிய கோப்புகளைக் காப்பாற்றிக்கொண்டு, மறுபடி தொகுக்கக்கூடியதை மட்டும் துடைக்கப் பெரிய ‘எக்ஸ்’ ஏற்றது என்றே கிட்டின் கையேடும் சொல்லுகிறது. நானும் பாதுகாப்பான வழி அதுவே என்று எண்ணி அதைத்தான் பயன்படுத்தினேன்.

அவசரத்திலும் ஒத்திகை பார்க்காமல் இல்லை. ‘என்’ விருப்பத்தைச் சேர்த்தால் கிட் எதையும் அழிக்காது. எவற்றை அழிக்கும் என்று பட்டியல் மட்டும் தரும். பட்டியல் வந்தது. ஆனால் நான் அடைவுகளுக்கும் கோப்புகளுக்கும் ஊர்ப்பெயரையும் பேசியவரின் உறவுப்பெயரையும் தமிழிலேயே வைத்திருந்தேன். கிட் தன் இயல்பமைப்பில் இலத்தீன் அல்லாத எழுத்துகளை எண்களாக்கிக் காட்டும். யூனிகோடில் ‘ச’ என்னும் ஓரெழுத்து மூன்று பைட்டுகளாகும். அது பட்டியலில் 340, 256, 232 என்று சாய்கோடுகளுக்கு இடையே மூன்று எண்களாக வரும். பல நூறு வரிகள். ஒவ்வொன்றிலும் எண்களின் கோவை. ‘சித்தூர்’ எது, ‘பாட்டி’ எது என்று யாரால் படிக்க முடியும்? வரிகளின் முடிவில் மட்டும் கண்ணை ஓட்டினேன். பெரும்பாலும் ஒலி மாதிரிக் கோப்புகள், பைத்தான் எச்சங்கள், டெக்ஸ்ட்கிரிட்டுகள். டெக்ஸ்ட்கிரிட்டுகள் பொருத்தி நிரல் தருபவை; ஒலியும் எழுத்தும் பத்திரமாக இருக்க, ஓர் இரவு ஓடவிட்டால் அவை திரும்ப வந்துவிடும். முதலாண்டில் அப்படி எண்ணித்தான் அந்தப் பெயர்முடிவைக் ‘கிட்இக்னோர்’ கோப்பில் சேர்த்திருந்தேன். ஒத்திகையை விட்டு, ‘எஃப்’ விருப்பத்தைச் சேர்த்துக் கட்டளையை இயக்கினேன். இரண்டு விநாடி. வட்டில் பாதி இடம் காலியாயிற்று. இயலைச் சேமித்து அனுப்பிவிட்டு உறங்கப் போனேன்.

காலையில் பிராட்டைத் திறந்தபோதுதான் உறைத்தது. இரண்டாம் ஆண்டிலிருந்து டெக்ஸ்ட்கிரிட்டுகளை நான் கையால் திருத்திக்கொண்டிருந்தேன். நிரல் தப்பாக வைத்த எல்லைகளை நகர்த்தினேன். முதல் பதிவில் காதில் விழாத சொற்களை, அந்த ஊர்களுக்கு மறுபடி போய், பேசியவரிடமே ஒலியைப் போட்டுக்காட்டிக் கேட்டு, அங்கேயே மடிக்கணினியில் நிரப்பினேன். பிராட்டில் சேமித்தபோது அதே கோப்பின்மீதே அது எழுதியது. பெயர் மாறவில்லை, இடம் மாறவில்லை. கருவிக்கு அது பழையபடி எச்சம். எனக்கு அது எட்டு மாத உழைப்பு.

கணினித் துறையில் ஆய்வு செய்யும் மூத்தவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். தெலுங்கில்தான் பேசிக்கொள்வோம். நடந்ததைச் சொன்னவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, எக்ஸ் பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்பது. பெரியது என்றேன். “அப்படியானால் கருவி நீ சொன்னதைத்தான் செய்திருக்கிறது அம்மா,” என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல.

மீட்கும் வழிகளையும் அவர் சொன்னார். யூனிக்ஸில் அழிப்பது என்பது பெயரை நீக்குவதே. கோப்பின் கடைசிப் பெயரும் நீங்கி, அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஒன்றும் இல்லாதபோதுதான் வட்டில் அதன் இடம் பிறருக்குப் போகும். ஏதேனும் ஒரு நிரல் அதைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தால், லினக்ஸின் ‘புராக்’ அடைவு வழியாகத் திரும்ப எடுத்துவிடலாம். ஆனால் பிராட் கோப்பை முழுவதும் நினைவகத்தில் படித்துக்கொண்டு உடனே மூடிவிடும். அன்று நான் பிராட்டை மூடாமல் விட்டிருந்தால் அதன் நினைவில் இருந்ததையாவது மறுபடி சேமித்திருக்கலாம், அதையும் மூடியிருந்தேன். பலர் எழுதிக்கொண்டே இருக்கும் பொதுவழங்கியில் காலியான இடம் காலியாகவே காத்திருக்காது. காப்பு நகல் ‘ஹோம்’ அடைவுக்கு மட்டுமே. என் தரவு இருந்ததோ பணியிட அடைவில். சேர்ந்த நாளில் தந்த விதிமுறைத் தாளில் அது தெளிவாக எழுதியிருந்தது.

எல்லைத் திருத்தங்களை மூன்று வாரம் இரவு பகலாக உட்கார்ந்து மறுபடி செய்தேன். சொல் திருத்தங்களுக்குப் பேருந்து ஏறி, அவரவர் வீட்டுக்குப் போய், வெட்கத்தோடு மறுபடி கேட்டேன். யாரும் கோபிக்கவில்லை. சிலர் முதலில் சொன்னதைவிடக் கூடுதலாகவே சொன்னார்கள். ஆனால் கரும்பாலைப் பாட்டி சித்திரையிலேயே காலமாகியிருந்தார்.

இதைப் பற்றி யோசித்தபோதெல்லாம் நன்னூல்தான் நினைவுக்கு வந்தது. நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுக்கிறது அதன் பாயிரம். முன்னவர் நூலின் முடிபோடு ஒத்துப் போய், பின்னவர் தாம் வேண்டும் வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்வது வழிநூல். அந்த வேறுபாடு முதல்நூலில் இல்லை. எனவே முதல்நூல் கையில் இருக்கிறது என்பதற்காக வழிநூலைத் தீயிலிட்டால், பின்னவர் சேர்த்தது எங்கிருந்தும் திரும்பாது. தொகுப்பி தரும் ஆப்ஜெக்ட் கோப்பில் பின்னவர் என்று ஒருவர் இல்லை. அது முதலின் நிழல். முதல் இருந்தால் போதும், எத்தனை முறை அழித்தாலும் வந்துவிடும். அதில் ஒருவர் ஓர் எழுத்தைக் கையால் மாற்றிய கணத்தில் அது வழிநூலாகிவிடுகிறது. அந்த மாற்றம் கோப்பின் பெயரில் தெரியாது, பெயர்முடிவில் தெரியாது. கருவிகள் பெயரைப் பார்த்தே எச்சம் என்று தீர்மானிக்கின்றன. தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு: இதில் கை பட்டிருக்கிறதா, இல்லையா?

துப்புரவை நான் நிறுத்திவிடவில்லை. இப்போது முன்னைவிட அடிக்கடி செய்கிறேன். முறையைத்தான் மாற்றிக்கொண்டேன். நிரல் எழுதும் எதுவும் ‘விளைவு’ என்னும் ஒரே அடைவுக்குள்தான் போகும். மூலம் இருக்கும் இடத்தில் எச்சம் விழாது. துடைக்க வேண்டுமானால் அந்த ஓர் அடைவை நீக்கினால் போதும். தேடவும் வேண்டாம், பெயர்முடிவை நம்பவும் வேண்டாம். இதைவிட விரைவான வழி எதையும் நான் காணவில்லை. திருத்தத் தொடங்கும் முன் டெக்ஸ்ட்கிரிட்டை ‘திருத்தியவை’ என்னும் அடைவுக்கு நகலெடுத்து, கிட் கண்காணிப்பில் சேர்த்த பிறகே பிராட்டில் திறக்கிறேன். ‘விளைவு’ அடைவுக்குள் இருக்கும் கோப்புகளை நிரல் எழுதி முடித்தவுடன், படிக்க மட்டும் உரியவை என்று பூட்டிவிடுகிறேன். மறதியாக அங்கேயே திருத்த முயன்றால் பிராட் சேமிக்க மறுக்கும். கிட்டின் ‘கோட்பாத்’ அமைப்பை அணைத்துவிட்டேன். இப்போது ஒத்திகைப் பட்டியலில் ஊர்ப்பெயர்கள் தமிழிலேயே வருகின்றன. தமிழில் கோப்புப்பெயர் வைக்கும் அனைவரும் இன்றே இதைச் செய்துவிடுங்கள், ஒரே வரிதான்.

இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. ‘கேஷ்டிர் டேக்’ என்னும் பெயரில், குறிப்பிட்ட ஓர் அடையாள வரியோடு தொடங்கும் சிறு கோப்பை ஓர் அடைவில் வைத்துவிட்டால், அங்கே உள்ளவை மறுபடி உண்டாக்கக்கூடியவை என்று பொருள். பிரையன் ஃபோர்டு வகுத்த உடன்பாடு இது. ரஸ்ட் மொழியின் கார்கோ தன் விளைவு அடைவில் இதைத் தானாகவே வைக்கிறது; குனூ டார், கேட்டுக்கொண்டால், இக்குறி உள்ள அடைவுகளின் உள்ளடக்கத்தைக் காப்பு நகலில் சேர்க்காமல் விட்டுவிடும். என் ‘விளைவு’ அடைவிலும் அது இருக்கிறது. அந்தக் குறியை வைக்கும்போதெல்லாம், உள்ளே கைபட்டது ஏதும் இல்லை என்று எனக்கே ஒரு முறை உறுதி சொல்லிக்கொள்கிறேன்.

நம் பக்கத்து முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். சித்தூர் வழியாக வரும் நீவா ஆறு, பொன்னை என்றும் பெயர் பெற்று ஓடும் கரையில் இருக்கிறது திருவல்லம். அங்குள்ள வில்வநாதேசுவரர் கோயிலின் பழைய கல்வெட்டு ஒன்று, மண்டபத்தைப் பிரித்துக் கட்டும் முன்பு அங்கே இருந்த கல்வெட்டின் படி இது என்று தன்னைப் பற்றித் தானே சொல்லுகிறது. இடிக்க வேண்டியதை இடித்தார்கள். இடிப்பதற்கு முன் எழுத்தைப் படியெடுத்தார்கள். படி என்பதையும் மறைக்காமல் கல்லிலேயே பொறித்தார்கள்.

புரட்டாசியில் பாட்டியின் வீட்டுக்குப் போனேன். அவர் மகள் இருந்தார். நான் அக்கா என்று அழைப்பது வழக்கம். பதிவின் இருபத்து மூன்றாம் நிமிடத்தில், அடுப்புவாயில் உட்கார்ந்து சக்கையைத் தள்ளிக்கொண்டே இருப்பவரை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று பாட்டி சொல்லும் இடம். சரியாக அந்தச் சொல்லின்மீது சாலையில் போன பேருந்தின் ஊதல் விழுந்திருக்கிறது. இரண்டாம் முறை போனபோது பாட்டி அதைத் தெளிவாகச் சொன்னார். நான் தட்டச்சு செய்துகொண்டேன். தட்டச்சு செய்ததாலேயே நினைவில் வைக்கவில்லை. அக்கா ஒலிப்பியைக் காதில் வைத்துக்கொண்டு மூன்று முறை கேட்டார். தாயின் குரலைக் கேட்டதில் அவர் கண் கலங்கியது. பிறகு சொன்னார்:

“இன்னா சொல்லிச்சோ தெரியலயே கண்ணு. ஆல நின்னு போறப்ப நான் இஸ்கூலுக்குப் போயினு இருந்தேன். அம்மா இருந்தா கேக்கலாம்.”

ஊரில் வேறு மூவரிடமும் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லைச் சொன்னார்கள். ஊதலுக்கு முன்னும் பின்னும் எஞ்சியிருக்கும் ஒலியோடு அவற்றுள் எதுவும் பொருந்தவில்லை. பொருந்தாத சொல்லை அவர் வாயில் வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கரும்பாலைச் சொற்கள் என்றொரு பட்டியல் இருக்கிறது. கொப்பரை, சக்கை என்று வரிசையாகச் சொல்லும் பொருளும். அதில் ஒரு வரியில் பொருள் மட்டும் இருக்கிறது: அடுப்பில் சக்கை இடுபவர். சொல்லுக்குரிய இடத்தில், ‘பதிவில் தெளிவில்லை’ என்று எழுதியிருக்கிறேன்.